தளர்நடைக்கு ஏற்ற வேளை

சித்திரை பிறக்கும் நாளையொட்டி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் இருக்கின்றன. வடக்கு நோக்கி நகரும் சூரியன் அந்தப் பாகைக்கு வருவது ஏப்ரல் 14, 15 வாக்கில்தான். அன்று பகல் 12:20 மணியளவில், செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். பள்ளித் தேர்வுகள் முடிந்து வீடுகளில் பயணப் பேச்சு தொடங்குவதும் இதே நாட்களில்தான். அய்யனார் கோயில் பக்கம் போகலாமா, செண்பகத்தோப்புக்குப் போகலாமா, ஆண்டாளைச் சேவித்துவிட்டு வரலாமா என்று மூத்த பிள்ளை கேட்கும். இடுப்பில் இருக்கும் சின்னதைக் காட்டி, “கைப்பிள்ளையை வெயில்ல தூக்கிட்டு அலையாதீங்க, ஆனி ஆடி வரட்டும்” என்று பாட்டி தடுப்பார். பாட்டியின் அச்சத்துக்கு உடலியலில் வலுவான காரணம் இருக்கிறது. ஆனாலும் அவர் சொல்லும் தீர்வை ஏற்க முடியாது. ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு மூன்று மாதம் மிக நீண்ட காலம். வீட்டுக்கு வெளியே பார்ப்பதும் நடப்பதும் விரல் நீட்டிக் காட்டுவதும் அந்தக் காலத்தின் வளர்ச்சியை உருவாக்கும் காரணங்களில் சேர்ந்தவை. ஆகவே பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அதற்குரிய வேளையைச் சூரியனைப் பார்த்து முடிவு செய்தால் போதும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், வளர்ச்சிப் படிகளைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் ஒரு கவலையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். “வயசு ஒண்ணாச்சு, இன்னும் நடக்கலையா?” என்று கேட்கப்படாத தாய் அபூர்வம். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. நல்ல ஊட்டமும் உடல்நலமும் உள்ள அந்தக் குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதத்துக்கும் 9.2 மாதத்துக்கும் இடையில். தனியே நடந்தது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில். இரண்டு எல்லைக்கும் நடுவே ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல் என்ற படியை நூற்றில் நான்கு குழந்தைகள் தொடவே இல்லை. அவர்கள் வேறு விதமாக நகர்ந்து, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையம் 1991இல் வெளியிட்ட அட்டவணையும் இதே கருத்தில்தான் அமைந்தது. இரண்டு வயது வரைக்கான 17 செயல்களை அது வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால வரம்பைக் கோடாக வரைந்து, குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தாலே தெரியும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் நீளத்துக்குள் எங்கே இருந்தாலும் இயல்புதான். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட அதில் இடமே இல்லை.

இவ்வளவு பரந்த வரம்பு எப்படி வருகிறது? மரபணுவும் பிறப்பு எடையும் ஊட்டமும் ஒரு பங்கு. வாய்ப்பும் ஒரு பங்கு என்பதை உலகின் பல மூலைகளிலிருந்து வந்த சான்றுகள் காட்டுகின்றன. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே ஆய்ந்த சார்லஸ் சூப்பர் 1976இல் ஒன்றைச் சொன்னார். அங்கே தாய்மார் குழந்தையை உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வலிந்து பழக்குகிறார்கள். அந்தச் செயல்களில் குழந்தைகள் முந்துகிறார்கள். பழக்காத செயல்களில் முந்துவதில்லை. இதற்கு நேர்மாறாகத் தஜிகிஸ்தானில் குழந்தையை ‘காவோரா’ என்ற தொட்டிலில் துணியால் கட்டிப் பல மணி நேரம் படுக்க வைக்கும் மரபு உண்டு. அங்கே உட்காருவதும் நடப்பதும் உலக அளவீட்டைவிடத் தாமதமாக வருவதாக 2018இல் லானா கராசிக்கும் அவரது குழுவினரும் எழுதினர். அந்தக் குழந்தைகள் நான்கைந்து வயதுக்குள் மற்றவர்களுக்கு இணையாகிவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. அப்படியானால் முன்னே பின்னே வந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். நடை தொடங்கும் தேதியை மட்டும் பார்த்தால் ஒன்றுதான். நடை எதற்காக வருகிறது, வந்தபின் குழந்தை அதைக் கொண்டு என்ன சேர்க்கிறது என்று பார்த்தால் ஒன்றல்ல.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் இதைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார். 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் தாராளமாக விளையாடவிட்டு அவர் குழு எண்ணிப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை விழுதல், ஏறத்தாழ 700 மீட்டர் தூரம். ஆண்டாள் கோயில் மதிலைச் சுற்றி வருகிற வயது அது இல்லை என்று நாம் நினைக்கும் குழந்தை, வீட்டுக் கூடத்திலேயே அவ்வளவு தூரத்தை முடித்திருக்கும். இன்னொரு ஆய்வு பெற்றோருக்கு மிக முக்கியமானது. நன்றாகத் தவழப் பழகிய குழந்தை, செங்குத்தான சரிவைக் கண்டால் தயங்கி நிற்கிறது. அதே குழந்தை நடக்கத் தொடங்கிய வாரங்களில் அதே சரிவில் தயக்கமின்றி இறங்கி விழுகிறது. தவழும்போது கற்ற எச்சரிக்கை நடைக்கு மாறுவதில்லை. நிற்கும் உடலுக்கு எது ஆபத்து என்பதை அது புதிதாகக் கற்றாக வேண்டும். பளிங்குத் தரையில் மட்டுமே நடந்த பிள்ளைக்கு மண்மேடு, கல்பாவிய பிராகாரம், சருகு மூடிய பாதை, இரண்டு படிக்கட்டு எல்லாமே புதிய பாடங்கள். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுக்க வழியில்லை. ஓடைக்கரையிலும் பாறை விளிம்பிலும் புதிதாக நடக்கும் பிள்ளையின் கையை ஒரு நொடியும் விடக்கூடாது என்பதற்குக் காரணமும் இதே ஆய்வில் இருக்கிறது. முன்பு அது பயந்ததை நம்பி இப்போது அசட்டையாக இருக்க முடியாது. பயிற்சி வேண்டும் என்பதற்காகக் குழந்தையைத் தொங்கவிட்டுச் சக்கரத்தில் உருட்டும் பிளாஸ்டிக் வாக்கரை வாங்கிவிடக் கூடாது. விபத்துகளைக் கண்டு கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் மூன்று சக்கர மர நடைவண்டி அந்த வகையில் சேராது. அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி, தன் பாதத்தைத் தானே பார்த்து நடக்கிறது.

நடையைவிட அமைதியாக வருவதும், நாம் கொண்டாடாமல் விட்டுவிடுவதும் ஒன்று உண்டு. அது சுட்டுவிரல். ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பெரும்பாலான குழந்தைகள் எட்டாத ஒன்றை நோக்கி விரலை நீட்டுகின்றன, உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கின்றன. ‘எனக்கு வேண்டும்’ என்ற கேட்பு மட்டும் அதில் இல்லை. ‘நான் பார்ப்பதை நீயும் பார்’ என்ற அழைப்பும் இருக்கிறது. இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்க்கும் அந்தக் கணத்தில் அம்மா “மைனா” என்றால், அந்த ஒலி எதற்குரியது என்ற ஐயம் குழந்தைக்கு எழுவதில்லை. ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 10 குழந்தைகளை 10 மாதம் முதல் 24 மாதம் வரை தொடர்ந்து கவனித்து 2005இல் எழுதியது இதைத்தான்: குழந்தை முதலில் கையால் காட்டிய பொருளின் பெயர், சராசரியாக மூன்று மாதம் கழித்து அதன் வாய்ச்சொல்லாக வருகிறது. நடை வந்ததும் இது பெருகுகிறது. எரிக் வாலேயும் ஜோசப் காம்போஸும் 2014இல் காட்டியபடி, ஒரே வயதுள்ள குழந்தைகளில் நடப்பவை தவழ்பவற்றைவிட அதிகச் சொற்களை அறிந்திருக்கின்றன. காரணம் எளிது. தவழும் குழந்தை பெரும்பாலும் தரையைப் பார்க்கிறது. நிமிர்ந்த குழந்தை எதிரிலிருக்கும் முகத்தையும் தூரத்துப் பொருளையும் பார்க்கிறது, கையில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்டுகிறது.

இந்தக் கவனிப்பு மேற்கத்திய ஆய்வகங்களில் மட்டும் பிறந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த, 9ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் எனக் கணிக்கப்படும் பெரியாழ்வார், கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் படிப்படியாகப் பாடினார். தாலாட்டு, அம்புலியை அழைத்தல், கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடை, ஓடிவந்து கட்டிக்கொள்ளுதல், பூச்சி காட்டி மிரட்டும் விளையாட்டு, காது குத்துதல், நீராட்டுதல் என்று அது நீள்கிறது. பிற்காலப் பாட்டியல் நூல்கள் இத்தகைய பருவங்களுக்கு மாதக் கணக்கே வகுத்தன. செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்ற அந்தக் கணக்கு இன்றைய மருத்துவர் எதிர்பார்ப்பதிலிருந்து அதிகம் விலகவில்லை. அம்புலிப் பாட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அதில் நிலவைக் காட்டுவது தாய் மட்டுமல்ல, குழந்தையே தன் சிறு கையை நீட்டிக் காட்டி அழைக்கிறது. எட்டாத பொருளை நோக்கிய சுட்டுவிரலைத் தமிழ்க் கவிதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. தெய்வக் குழந்தையைப் பாடினாலும் தாய்மாரைக் கூர்ந்து பார்க்காமல் இப்படி எழுத முடியாது.

நிலவைக் காட்ட முற்றத்துக்கு வந்தாக வேண்டும். சுட்டுவதற்குத் தூரமும் அசைவும் வேண்டும். நான்கு சுவர்களுக்குள் ஒரு குழந்தை காட்டிப் பெயர் கேட்கக்கூடிய பொருள்கள் சில நாட்களில் தீர்ந்துவிடும். செண்பகத்தோப்புப் பக்கத்தில் கிளைக்குக் கிளை தாவும் நரை அணிலைப் பாருங்கள். அதன் பெயரால்தான் 1988இல் அங்கே சரணாலயம் அமைந்தது. 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. மரக்கூரையில் சட்டென்று அசையும் நீண்ட வால், ஒரு வயதுக் குழந்தையின் கண்ணைப் பிடித்து இழுக்கும். வனத்துறை அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றபடி அதைக் காட்டலாம். பிள்ளையை இடுப்பில் தூக்கிச் செல்லும் நம் வழக்கத்துக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. தாயின் முகமும் தாய் பார்க்கும் காட்சியும் குழந்தையின் கண்மட்டத்திலேயே கிடைத்துவிடுகின்றன. பிரிட்டனில் குழந்தைத் தள்ளுவண்டிகளை ஆராய்ந்த சூசன் ஸீடிக், குழந்தையின் முகம் பெற்றோரை நோக்கி இருக்கும்போது அவர்கள் இருமடங்குக்கு மேல் பேசுகிறார்கள் என்று 2008இல் கண்டார். அங்கே வண்டியைத் திருப்பி வைத்துப் பெற வேண்டியதை இங்கே இடுப்பே கொடுத்துவிடுகிறது.

இப்போது பாட்டியின் தடைக்கு வருவோம். பத்துக் கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையின் தோல் பரப்பு, எடைக்கு எடை கணக்கிட்டால், பெரியவர்களுடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். உடல் வெப்பம் வெளியேறுவதும் உள்ளே வருவதும் தோல் வழியாகத்தான். தோலின் வெப்பநிலை 34, 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் உடலிலிருந்து காற்றுக்குப் போகும். காற்று அதைவிடச் சூடானால் ஓட்டம் தலைகீழாகிக் காற்றின் வெப்பம் உடலுக்குள் வரும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. சிறு குழந்தைகளின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவர்களுடையவை அளவுக்குச் சுரப்பதில்லை. தாகம் எடுத்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கவும் அவர்களால் முடியாது. பாட்டி சொல்வது முழு உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் காற்று தோலைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கையில், அதே அகன்ற தோல்பரப்பு குழந்தைக்குச் சாதகம். ஓடியாடிச் சேர்ந்த சூட்டை அது விரைவாக வெளியேற்றிவிடும். பகல் ஒரு மணிக்குப் பாதகமாகும் உடல், காலையில் பாதகமாவதில்லை. எனவே பயப்பட வேண்டியது கடிகாரத்தின் சில மணி நேரங்களுக்குத்தான், பருவம் முழுவதற்கும் இல்லை.

எந்த மணி நேரங்கள் என்பதை நிழலே சொல்லிவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறைந்தால் சூரியன் அடிவானிலிருந்து 45 பாகைக்கு மேல் ஏறிவிட்டது என்று பொருள். அப்போது புற ஊதாக் கதிர் வலுவாக இறங்கும். சித்திரை மாதத் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் இந்த நிலை காலை ஒன்பதேகாலை ஒட்டித் தொடங்கி, பிற்பகல் மூன்றரைக்குச் சற்றுமுன் முடிகிறது. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஐயமின்றி நல்ல நேரம். மாலைக்கு மட்டும் ஒரு திருத்தம் தேவை. கதிர் தணிந்தாலும் காற்றின் சூடு உச்சத்தை எட்டுவது பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள். கருங்கல்லும் தாரும் அதற்குப் பின்னும் சூட்டை வைத்திருக்கும். குழந்தையின் மூக்கும் வாயும் தரைக்கு அருகில் இருப்பதால் அது சுவாசிக்கும் காற்று நமக்கு எட்டுவதைவிடச் சூடானது. பாதத் தோலோ மெல்லியது. ஐந்து மணிக்குப் பிறகு, பெரியவர் தன் வெறும் உள்ளங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்கிவிடலாம். மேற்கே மலை நிற்பதால் அடிவாரத்தில் மாலை நிழல் ஊருக்குள் இறங்குவதற்கு முன்பே இறங்கிவிடும். கோயில்கள் உச்சிப் பொழுதில் நடை சாத்திவிட்டு மாலையில் திறக்கும் முறை, கோடைக்குக் கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகவே வகுத்தது போலப் பொருந்தி நிற்கிறது. பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணம் காண வரும் இளங்குடும்பங்கள் கூட்ட நெரிசலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெருக்கமான கூட்டத்தில் காற்றோட்டம் இல்லை, வியர்வை உலராது.

மற்ற எச்சரிக்கைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குக் கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டாம், பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். நிறுத்திய காரில் ஒரு நிமிடமும் குழந்தையை விட்டுப் போகக்கூடாது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு ஏறுவது குறைவதில்லை. வெயில்படாமல் இருக்கத் துணியால் முழுக்க மூடுவது காற்றைத் தடுத்துக் கெடுதலே செய்யும். மலையில் பெய்யும் கோடைமழை, அடிவாரத்தில் ஒரு துளியும் விழாதபோதே ஓடையில் வெள்ளத்தைக் கொண்டுவரும். மேகம் கறுத்தால் நீரைவிட்டு ஏறிவிட வேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், வாய் உலர்ந்து, குழந்தை சோர்ந்து துவண்டால் நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிப்போனாலும் அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?” என்பது இரண்டாவது தடை. மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் வளர்ந்தபின் நினைவில் நிற்பதில்லை என்பது சரி. ஆனால் மறப்பதும் கல்லாமல் போவதும் ஒன்றல்ல. கரோலின் ரோவி-கோலியர் குழந்தைகளுக்கு ஒரு சிறு செயலைக் கற்பித்து, எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அளந்தார். இரண்டு மாதத்தில் ஓரிரு நாள், ஆறு மாதத்தில் இரண்டு வாரம், பதினெட்டு மாதத்தில் 13 வாரம். இடையில் ஒருமுறை நினைவூட்டினால் அந்தக் காலம் இன்னும் நீள்கிறது. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. விடுமுறையில் ஒரே ஒருமுறை தொலைதூர மலைவாசத்தலத்துக்குப் போய்ச் சோர்ந்து திரும்புவதைவிட, வாரந்தோறும் அதே கண்மாய்க் கரைக்கும் அதே வேப்பமரத்தடிக்கும் போவது ஒரு வயதுப் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கும். போன வாரம் காட்டிய கொக்கை இந்த வாரம் அது காட்டும். அடுத்த மாதம் பெயர் சொல்லும். பெரியவருக்குச் சலிக்கும் திரும்பத் திரும்ப வருதல்தான் அந்த வயதின் பாடமுறை.

மூன்றாவது தடை கனமானது. நூற்பாலையில் ஷிப்ட் முடித்துவரும் தந்தைக்கும், கூலி வேலைக்குப் போகும் தாய்க்கும் இந்தப் பேச்செல்லாம் வசதியுள்ளவர் பேச்சாகத் தோன்றலாம். இதற்குப் பதில் ஜமைக்காவிலிருந்து வருகிறது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு 1986இல் சாலி கிரான்தம்-மெக்கிரிகர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் சென்று, கையால் செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் நடந்தது அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிள்ளைகளின் வருமானம் மற்ற பகுதியினரைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. பணமோ தூரமோ அங்கே பயன் தரவில்லை. கவனம் தந்தது. விருதுநகர்–தென்காசி பாதையில் போகும் ரயிலை வேலிக்கு வெளியே நின்று பார்க்கச் செலவு ஏதுமில்லை. சந்தையில் மாம்பழக் குவியலைக் காட்டி “இது சப்பட்டை” என்று சொல்லவும் செலவில்லை. பதினைந்து நிமிடம் போதும், அந்தப் பதினைந்து நிமிடம் முழுவதும் குழந்தைக்கே இருக்க வேண்டும். 2017இல் ஜெசா ரீடும் சக ஆய்வாளர்களும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குத் தாய்மாரைக் கொண்டு இரண்டு புதுச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு சொல்லைக் கற்பிக்கும் நடுவில் தாயின் கைபேசி ஒலித்தது. இடையூறில்லாமல் கேட்ட சொல்லைக் குழந்தைகள் கற்றன, இடையில் அறுந்த சொல்லைக் கற்கவில்லை. முதல் அடியைப் படம் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிடித்தபின் கைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்துத் திரையைக் கொடுப்பது இதற்கு மாற்றாகாது. இரண்டு வயதுக்குட்பட்டவருக்குத் திரையே வேண்டாம் என்பதும், ஒன்றிலிருந்து இரண்டு வயதில் நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை.

வெளியே செல்லும் பழக்கத்தில் இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் கண்ணில் படாத தாமதம் வெளியே தெரிந்துவிடும். பதினெட்டு மாதம் ஆகியும் தனியே நடக்காத, ஓசை வந்த பக்கம் திரும்பாத, எதையும் சுட்டிக் காட்டாத, கற்ற சொல்லை இழந்த குழந்தையை “வளர வளரச் சரியாயிடும்” என்று காத்திருக்க வைக்கக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம். அங்கன்வாடிப் பணியாளரோ கிராமச் செவிலியரோ வழிகாட்டுவார். பெற்றோரிடம் கேட்பதைப் போலவே ஊர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோடையில் நகராட்சிப் பூங்காக்களைக் காலை ஆறு மணிக்கே திறந்துவையுங்கள். கண்மாய்க் கரைகளில் நிழல்மரம் நடுங்கள். பிராகாரங்களில் விரிக்கும் தென்னைநார் விரிப்பைத் தேர்த்தெருவின் நடைபாதை வரை நீட்டுங்கள். குழந்தை நடக்கக்கூடிய இரண்டரை மணி நேரம் காலையிலும், ஒன்றரை மணி நேரம் மாலையிலும் இந்த ஊர்களின் சித்திரை வெயிலே விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கால் வைக்க ஓர் இடத்தை நாம் கொடுக்க வேண்டும்.